மேட்சைப் பார்க்காமலேயே வர்ணனை சொன்ன அமெரிக்க அதிபர்: ரீகனின் ரேடியோ நாட்கள்

இன்று செல்போனைத் திறந்தால் போதும், மேட்ச் லைவ்வாக ஓடும். ஆனால் 1930களில் அமெரிக்காவின் அயோவா மாநில மக்களுக்கு பேஸ்பால் பார்க்க காதுதான் கண். அவர்களுக்கு வர்ணனை சொன்ன இளைஞர்களில் ஒருவர் ரொனால்ட் ரீகன். ஆமாம், பின்னாளில் அதிபரான அதே ரீகன்தான்!

5 டாலர் சம்பளம்

1911-ல் இல்லினாய் மாநிலத்தின் டாம்பிகோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 1932-ல் கல்லூரிப் படிப்பை முடித்தபோது நாடே பொருளாதாரப் பெருமந்தத்தில் தவித்தது. வேலை தேடி அலைந்தவருக்கு டாவன்போர்ட் நகர வானொலி ஒன்று அமெரிக்கன் ஃபுட்பால் வர்ணனை வாய்ப்பு தந்தது. முதல் ஆட்டத்துக்கு 5 டாலர், கூடவே பஸ் காசு. அடுத்த ஆண்டே டெமாய்ன் நகரின் டபிள்யூ.ஹெச்.ஓ. வானொலிக்கு மாறினார்.

தந்தியில் வந்த மேட்ச்

அங்கே சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்கள் அவர் பொறுப்பு. மைதானமோ சுமார் 500 கி.மீ. தள்ளி. தந்தியில் வரும் சுருக்கக் குறிப்பை ஆபரேட்டர் சீட்டில் அடித்து நீட்டுவார். அதை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோலவே ஸ்டுடியோவில் இருந்து ரீகன் விவரிப்பார்.

ஒருநாள் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியுடன் ஆட்டம். 9-வது இன்னிங்ஸ், ஸ்கோர் சமநிலை. பேட்டிங்கில் பில்லி ஜர்ஜஸ். திடீரென தந்தி கட்!

உண்மையைச் சொன்னால் நேயர்கள் இதே மேட்ச் ஓடும் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். இஷ்டத்துக்கு ரன் சொன்னால் மறுநாள் பேப்பரில் குட்டு உடைந்துவிடும். என்ன பண்ணுவது?

ஸ்கோரில் ஏறாத ஒன்றைப் பிடித்தார். அதுதான் ஃபவுல், அதாவது கோட்டுக்கு வெளியே போகும் பந்து. ஆறு நிமிடங்களுக்கும் மேல் ஜர்ஜஸை ஃபவுலாகவே அடிக்க வைத்தார். ஒருவழியாகத் தந்தி உயிர்பெற்றது. சீட்டில் இருந்த சேதி: ஜர்ஜஸ் முதல் பந்திலேயே அவுட்!

மறுபடியும் மைக்

1937-ல் கப்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்காக கலிபோர்னியா போன இடத்தில், வார்னர் பிரதர்ஸ் ஸ்கிரீன் டெஸ்ட் வாய்ப்பு கிடைத்தது. வாரம் 200 டாலருக்கு நடிகரானார். பிறகு அரசியல், 1981 முதல் 1989 வரை அதிபர் பதவி.

தான் விட்ட ரீலை அவர் மறைக்கவில்லை. பலமுறை தானே சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்று ரேடியோ முன் காத்திருந்தவர்களுக்கு, ஜர்ஜஸ் போராடிய அந்த ஆறு நிமிடங்களும் நிஜம்தான்.

1988 செப்டம்பரில், அதிபராக இருக்கும்போதே, சிகாகோ மைதானத்தில் ரீகன் மீண்டும் மைக் பிடித்தார். இம்முறை தந்தி தேவைப்படவில்லை. 2004-ல் தனது 93-வது வயதில் காலமானார்.