பாதாள ஆற்றில் படகு விட்ட வக்கீல்!

பாரிஸ் நகரில் எட்வார் மார்த்தல் என்று ஒரு வக்கீல் இருந்தார். 1859ல் பிறந்தவர். விடுமுறை விட்டதும் கோர்ட்டை மறந்துவிட்டுக் குகைகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவருக்குப் பூமிக்கு அடியில் போனால்தான் ஓய்வு!

தெற்கு பிரான்சில் சுண்ணாம்புப் பாறை நிறைந்த மேட்டு நிலம் உண்டு. அங்கே மழைத் தண்ணீர் மேலே தங்காது. பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிவிடும். சில இடங்களில் ஓடுகிற ஆறே மறைந்துவிடும். பொனேர் என்ற ஆறு இப்படி மலைக்குள் புகுந்து, மறுபக்கம் காளை கத்துவதுபோன்ற இரைச்சலோடு வெளியே வருகிறது. 1888 ஜூன் மாதம் மார்த்தலும் தோழர்களும் அந்த மலைக்குள் தண்ணீரோடு போராடி, ஊடுருவி வெளியே வந்தார்கள்.

சாத்தான் உதைத்த குழி

பாதிராக் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுமார் 250 அடி ஆழமுள்ள பெரும் பள்ளம் இருக்கிறது. சாத்தான் காலால் உதைத்ததால் உண்டானது என்று ஊரார் கதை சொல்லுவார்கள்.

1889 ஜூலை 9-ந்தேதி மார்த்தல் அதில் இறங்கினார். உறவினர் கௌப்பில்லாவும், கொல்லர் லூயி அர்மானும், இன்னொருவரும் கூட வந்தார்கள். நூலேணியில் தொங்கியபடி இறங்க வேண்டும். இந்த வேலைக்கு வக்கீலைவிடக் கொல்லரின் கைதான் அதிகம் உதவியிருக்கும்!

பள்ளத்தின் அடியில் ஓர் ஆறு ஓடியது. மறுநாள் மடக்கக்கூடிய கான்வாஸ் படகு ஒன்றை இறக்கினார்கள். அதன் பெயர் 'முதலை'. மார்த்தலும் கௌப்பில்லாவும் அதில் ஏறினார்கள். கும்மிருட்டு. கையில் சிறு வெளிச்சம். கூரையிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டியது. வழியில் கல்வரப்புகள் குறுக்கிட்டன. அங்கெல்லாம் இறங்கி, படகைத் தூக்கிக் கடந்து, மறுபடி ஏறவேண்டும். படகு கிழிந்தால் உதவிக்கு வர ஆள் கிடையாது. அப்படியும் ஒரு மைலுக்கு மேல் போய்த் திரும்பினார்கள்!

ஊற்றில் இருந்த விஷம்

1891ல் மார்த்தல் ஒரு மலையடி ஊற்றில் தண்ணீர் குடித்தார். பளிங்கு போன்ற தண்ணீர்தான். ஆனால் நோயில் விழுந்தார். காரணத்தைத் தேடியபோது மேட்டில் ஒரு பள்ளம் இருப்பது தெரிந்தது. அதற்குள் செத்த கன்றுக்குட்டி அழுகிக் கிடந்தது.

செத்த ஆடுமாடுகளைப் பள்ளத்தில் தள்ளுவது அந்தப் பக்கத்து வழக்கம். கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று நினைத்தார்கள். மணல் என்றால் தண்ணீரை வடிகட்டும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பு வடிகட்டாது. மேலே போட்ட அழுக்கு கீழே ஊற்றில் வந்துவிடும். தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கொடுத்ததும் அந்தத் தண்ணீரைத்தான்!

மார்த்தல் சும்மா இருக்கவில்லை. பாதாள ஆறுகளை நேரில் பார்த்தவர் ஆயிற்றே! எழுதினார், பேசினார், அதிகாரிகளிடம் வாதாடினார். நோயும் மரணமும் பெருகும் என்று எச்சரித்தார்.

இடையே 1895ல் இங்கிலாந்துக்குப் போய், அருவி விழும் 300 அடிக்கு மேற்பட்ட குழியிலும் நனைந்துகொண்டே தனியாக இறங்கினார். மேலே இருந்தவர்களோடு டெலிபோனில் பேசினார்.

1902 பிப்ரவரி 15-ந்தேதி பிரான்சில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. செத்த பிராணிகளைப் பள்ளங்களில் போடுவது குற்றமாயிற்று. மார்த்தல் 1938ல், 78-வது வயதில் காலமானார். அவர் கான்வாஸ் படகு விட்ட பாதிராக் ஆற்றில் இன்று சுற்றுலாப் பயணிகள் குடும்பத்தோடு படகில் போகிறார்கள்.