லூயிஸ் ஹைன்

கேமராவைக் கையாளும் வித்தையை நாம் கற்றவரல்லோம். ஆயினும் நல்ல போட்டோப் படம் பழையதாயினும் புதியதாயினும் அதன் முன் நெடுநேரம் நின்றுவிடுவது நமது வழக்கம். அவ்விதம் நம்மை நிறுத்திய படங்களில் ஒன்று 1908ம் வருஷம் அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்து விட்னல் பஞ்சாலையில் எடுக்கப்பட்டது. நூற்பு யந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். படமெடுத்தவர் எழுதி வைத்த குறிப்பின்படி, அவள் உயரம் 51 அங்குலம். ஆலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆயிற்று. சில சமயம் இரவு வேலையும் உண்டு. தினக்கூலி 48 சென்ட். அங்கிருந்த 50 தொழிலாளரில் ஏறக்குறைய அவள் அளவுள்ள குழந்தைகள் பத்துப் பேர்.

இதை எடுத்தவரே லூயிஸ் ஹைன். 1874ல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஆஷ்காஷ் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை விபத்தில் மாண்டதால் இளமையிலேயே தொழிற்சாலைக் கூலியானார். பின்னர் படித்து நியூயார்க்கில் உபாத்தியாயரானார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைப் படமெடுத்தார். குழந்தைகளை வேலைக்கு வைக்கும் கொடுமையை எதிர்த்து வந்த தேசீயக் கமிட்டியார் 1908ல் அவரைத் தமது போட்டோக்காரராக அமர்த்தினர்.

முதலாளிகள் இவருக்குக் கதவு திறப்பார்களா? ஆகவே பைபிள் விற்பவர்போலவும், யந்திரங்களைப் படமெடுக்க வந்தவர்போலவும் உள்ளே புகுந்தார். இது சத்தியத்துக்கு ஒத்ததா என்று நம் நண்பர் சிலர் கேட்கக்கூடும். பூட்டிய கதவுக்குப் பின்னால் குழந்தைகள் உழலும்போது அக்கேள்வியை நாம் பெரிதாக்கமாட்டோம். தவிர, அவர் கொண்டுவந்த சாக்ஷியத்தில் பொய் கலக்கவில்லை. தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று முன்பே அளந்து வைத்து, அவற்றைக் கொண்டு குழந்தையின் உயரத்தைக் கணிப்பார். சட்டைப் பைக்குள்ளேயே கைவைத்து இரகசியமாகக் குறிப்பெழுதுவார். ஒரு வயது தவறினாலும் எதிர்க்கட்சி வக்கீல் முழுவதையும் தள்ளிவிடுவான் அல்லவா? படத்தைப் போலவே அக்குறிப்புகளையும் நாம் போற்றுகிறோம்.

கமிட்டியாரின் கிளர்ச்சிக்கு இப்படங்கள் பெரும் பலமாயின. 1916ல் காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. 14 வயதுக்குட்பட்டோரை வைத்து நடத்தும் ஆலைகளின் சரக்கு மாகாணம் தாண்டி விலைபோகக் கூடாதென்பது அதன் சாரம். தம் மக்களின் வேலை போகிறதென்று வட கரோலினாவில் ஒரு தகப்பனாரே வழக்குத் தொடுத்தார். 1918ல் சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், உற்பத்தியை ஒழுங்குபடுத்துவது மாகாணங்களின் அதிகாரமென்று கூறிச் சட்டத்தை ரத்து செய்தது. ஒரே ஒரு நீதிபதியின் அபிப்பிராயம் மாறியிருந்தால்!

பின்னர் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் எழுகையில், அந்தரத்தில் நின்ற தொழிலாளரை ஹைன் படமெடுத்தார். முதுமையில் வேலை கிடைக்கவில்லை. வீடும் கடனில் போயிற்று. 1938ல் புதிய தொழிலாளர் சட்டம் பிறந்ததைக் கண்டார். 1940 நவம்பர் 3ந் தேதி வறுமையில் காலஞ்சென்றார். 1941 பிப்ரவரி 3ந் தேதி, சரியாக மூன்று மாதம் கழித்து, சுப்ரீம் கோர்ட்டு அப்புதிய சட்டத்தை உறுதிசெய்து, தனது 1918ம் வருஷத் தீர்ப்பைத் தானே தள்ளிவிட்டது.