சாட்சல் பெய்ஜ்: ஒரு பந்து வீச்சாளரின் சரிதை

விளையாட்டு வீரரின் பெருமையை எண்களைக் கொண்டு அளப்பது யாவரும் அறிந்த வழக்கம். அமெரிக்க மக்களின் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வழக்கம் ஏனைய ஆட்டங்களினும் மிகுதி. அந்நாட்டின் பெரிய லீக்குகளின் ஏடுகளில் சாட்சல் பெய்ஜ் என்பவருடைய பெயருக்கு நேரே 28 வெற்றிகள், 31 தோல்விகள் என்று நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. இதனை மாத்திரம் நோக்குவோர், இவர் அணியின் ஓரத்திலே அமர்ந்திருந்து, அழைத்தபோது வந்து வீசிச் சென்ற ஒரு சாமானியர் என்றே முடிவு செய்வர். அம்முடிவு எத்துணைப் பிழையுடையது என்பதை அவரது சரிதையைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கிரிக்கெட்டில் பழகிய நம் மாணவர்க்கு முதலில் ஒன்று கூறல் வேண்டும். கிரிக்கெட்டில் வீச்சாளர் இருவர் மாறி மாறி வீசுவர். ஓய்ந்தவர் மீண்டும் வரலாம். பேஸ்பாலிலோ ஒருவரே தொடர்ந்து வீசுவார். அவர் தளர்ந்தாலும், எதிரிகள் அவர் பந்தை எளிதில் அடிக்கத் தொடங்கினாலும், அவரை நீக்கி வேறொருவரை அனுப்புவர். நீங்கியவர் அவ்வாட்டத்தில் திரும்ப வருவதற்கில்லை. இவ்வாறு இடையிற் புகும் வீச்சாளரின் நிலை பெரிதும் நிச்சயமற்றது. எப்பொழுது அழைப்பு வரும் என்பது அவர் அறியார். அழைப்பு வரும்போது அணி பெரும்பாலும் ஆபத்தில் இருக்கும். பெரிய லீக்குகளில் பெய்ஜுக்குப் பெரும்பாலும் வாய்த்தது இப்பணியே.

இவர் 1906-ஆம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி அலபாமா மாகாணத்து மொபீல் நகரில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். லீராய் என்பது இயற்பெயர். தந்தையார் தோட்ட வேலை செய்பவர். மக்கள் பன்னிருவர். சிறுவன் லீராய் ரயில் நிலையத்தில் பிரயாணிகளின் பைகளைச் சுமந்து காசு சம்பாதித்தான். அதனால் பை எனப் பொருள்படும் சாட்சல் என்பதே அவன் பெயராயிற்று. பன்னிரண்டு வயதில், சில்லறைத் திருட்டுக்காகவும் பள்ளிக்குச் செல்லாமைக்காகவும், மவுண்ட் மெய்க்ஸ் என்ற இடத்திலிருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். ஐந்து வருஷத்திற்கு மேல் அங்கே கழிந்தது. காலை உயரத் தூக்கி, பந்தைக் கடைசிக் கணம் வரை மறைத்து வீசும் வித்தையை அவன் கற்றது அவ்விடத்திலேதான்.

அக்காலத்தில் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. எழுதப்பட்ட சட்டம் ஒன்றுமில்லை. ஆயினும் கழக முதலாளிகள் அனைவரும் அத்தடையைக் காத்து வந்தனர். ஆதலால் அம்மக்கள் தமக்கெனத் தனி அணிகளும், 1920 முதல் நீக்ரோ லீக்குகளும் அமைத்துக்கொண்டனர். பெய்ஜ் பர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க் முதலிய நகரங்களின் அணிகளில் வீசிப் புகழெய்தினார். ஆனால் ஊதியமோ நிலையற்றது. எங்கே அதிகம் தருவாரோ அங்கே செல்வது அவர் வழக்கமாயிற்று. 1935-இல் வட டக்கோட்டாவின் பிஸ்மார்க்கில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியில் ஆடினார். 1937-இல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் தாங்கிய அணிக்காக வீசினார். குளிர்காலங்களில் ஊர் ஊராகச் சென்று, பெரிய லீக்குகளின் வெள்ளை வீரர்களுக்கு எதிராகவே ஆடினார். தம்முடன் ஒரு லீக்கில் ஆட அவரை அனுமதியாதவர்கள், டிக்கட்டு விற்கும் காட்சி ஆட்டங்களில் அவரை எதிர்த்து நின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

1938-இல் மெக்ஸிகோவில் இருந்தபோது வலக்கை வலி கண்டு, பந்தை எறியவும் இயலாதவரானார். வீச்சாளருக்குக் கை போயின் பிழைப்பும் போயிற்று. ஏனையோர் கைவிட்ட அந்நிலையில், கான்ஸஸ் நகர மோனார்க்ஸ் கழகத்தார் தமது இரண்டாம் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் பெயரைக் கேட்டு ஜனங்கள் கூடினாலே போதும் என்பது அவர்கள் கணக்கு. சிறிது காலத்தில் கை குணமடைந்தது. வேகத்தோடு இப்பொழுது நுட்பமும் சேர்ந்தது. 1942-இல் மோனார்க்ஸ் நீக்ரோ லீக்குகளின் உலகத் தொடரை வென்றபோது முன்னின்று வீசியவர் பெய்ஜே.

1947-இல் ஜாக்கி ராபின்ஸன் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்து நிறத்தடையை உடைத்தார். இவர் மோனார்க்ஸ் அணியில் பெய்ஜோடு ஆடிய இளைஞர். முதல்வராகத் தாம் தெரிந்தெடுக்கப்படாதது பெய்ஜுக்கு வருத்தமே. அடுத்த வருஷம், தமது நாற்பத்திரண்டாம் பிறந்த நாளன்று, பில் வீக் என்பவரின் கிளீவ்லாந்து கழகத்தில் அவர் ஒப்பந்தமானார். இது கூட்டம் சேர்க்கும் தந்திரமே என்று பிரபல விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர் பழித்தெழுதினார். ஜூலை 9-ந் தேதி பெய்ஜ் இடைவீச்சாளராகவே முதன்முறை களம் புகுந்தார். ஆகஸ்டு 20-ந் தேதி இரவு, 78,382 ஜனங்களின் முன்னிலையில், முழு ஆட்டமும் வீசி எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் வென்றார். அவ்வருஷம் அவருக்கு 6 வெற்றி, 1 தோல்வி. கிளீவ்லாந்து உலகத் தொடரையும் வென்றது. ஆனால் அத்தொடரில் இருவரை ஆட்டமிழக்கச் செய்யும் அளவே அவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

வீக் கழகத்தை விற்றவுடன் பெய்ஜ் விலக்கப்பட்டார். 1951-இல் வீக் செயிண்ட் லூயிஸ் கழகத்தை வாங்கியதும் மீண்டும் அழைக்கப்பட்டார். அடுத்த வருஷம், நாற்பத்தாறு வயதில், 12 வெற்றிகள் பெற்றார். 1953-க்குப் பின் அவ்விடமும் போயிற்று. இங்ஙனம் அவர் நிலை ஒரு முதலாளியின் தயவைத் தொடர்ந்தே ஏறியிறங்கியது. 1965-இல், அக்காலத்தில் கான்ஸஸ் நகரிலிருந்த அத்லெட்டிக்ஸ் கழகத்தார், ஐம்பத்தொன்பது வயதான அவரை ஓர் ஆட்டத்திற்கு மாத்திரம் அமர்த்தினர். வேடிக்கைக்காக ஆடும் நாற்காலி ஒன்றும் தாதி ஒருத்தியும் அவரருகே வைக்கப்பட்டனர். நகைக்க வந்தோர் கண்டது வேறு. மூன்று இன்னிங்ஸ்களில் எதிரணியார் அவரிடம் ஒரே ஒரு முறைதான் அடித்துத் தளம் சேர்ந்தனர். ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை.

முதுமையில் அவரை வருத்தியது புகழன்று, ஜீவனமே. வீரர்களுக்குரிய ஓய்வூதியம் பெற அக்காலத்தில் பெரிய லீக்குகளில் ஐந்து வருஷம் இருத்தல் வேண்டியிருந்தது. அவருக்கு 158 நாட்கள் குறைந்தன. இளமையில் இருபது வருஷம் கதவடைத்தவர்கள், முதுமையில் 158 நாள் குறைவைக் காட்டினர். 1968-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் கழகத்தார் அறுபத்திரண்டு வயதான அவரை ஆலோசகராக அமர்த்தி அக்குறையைத் தீர்த்தனர். 1971-இல் கூப்பர்ஸ்டவுனிலுள்ள கீர்த்தி மண்டபத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். நீக்ரோ லீக் வீரர்க்குத் தனிப் பகுதி ஒதுக்குவதாகவே முதலில் அறிவித்தனர். கண்டனம் எழவே, ஏனையோருடன் சமமாக இடமளித்தனர். 1982 ஜூன் 8-ந் தேதி கான்ஸஸ் நகரில் அவர் காலமானார்.

அவர் மறைந்து முப்பத்தெட்டு வருஷங்களுக்குப் பின், 2020-இல், நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று ஏற்கப்பட்டது. 2024-இல் அவற்றின் கணக்குகளும் ஏட்டில் சேர்க்கப்பட்டன. ஏடு திருந்தியது நன்றே. ஆயினும் இழந்த வருஷங்களை ஏடு மீட்டுத் தராது. மதிப்பெண்களாலும் பட்டியல்களாலும் மனிதரை அளக்கப் பழகிய நாம், ஒருவர் பெயருக்கு நேரே சிறிய எண்ணைக் காணும்போது, அவருக்குக் கதவு எப்பொழுது திறக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே விசாரிப்போமாக.