உயிருள்ள செல்லைக் காட்டிய நுண்ணோக்கி: புறக்கணிப்பைக் கடந்து நோபல் பெற்ற ஃபிரிட்ஸ் ஜெர்னிகே

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், செல் ஒன்றின் உட்கூறுகளை நுண்ணோக்கியில் தெளிவாகக் காண விரும்பிய ஆய்வாளர், முதலில் அதற்குச் சாயமேற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலான சாயங்கள் செல்லைக் கொன்றுவிடும். சாயமேற்றாவிட்டாலோ, நீரில் இட்ட கண்ணாடித் துண்டைப் போலச் செல் ஏறக்குறைய கண்ணுக்கே தென்படாது. உயிருடன் இருப்பதைக் காண முடியாது, காண முடிவது உயிருடன் இல்லை என்ற இந்த இக்கட்டைத் தீர்த்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஜெர்னிகே. அதற்காக 1953-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, வேறு எவருடனும் பகிரப்படாமல் அவருக்கே வழங்கப்பட்டது. ஆயினும், கண்டுபிடிப்புக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

ஜெர்னிகே 1888-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை, தாய் இருவருமே கணித ஆசிரியர்கள். சிறுவயதிலேயே வண்ணப் புகைப்படச் சோதனைகளில் ஈடுபட்ட அவருக்கு, தேவையான ஈதரை வாங்கக் கைச்செலவுப் பணம் போதவில்லை. ஆகவே அதைத் தாமே தயாரித்துக்கொண்டார். பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்றின் இயங்குபொறியைப் பொருத்தி, வால் நட்சத்திரத்தைப் படமெடுக்கச் சிறியதொரு வானாய்வகத்தையும் அமைத்தார். கையில் கிடைப்பதைக் கொண்டு கருவி செய்யும் இவ்வியல்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற அவர், 1913-இல் குரோனிங்கன் நகரில் வானியலாளர் காப்டெய்னின் உதவியாளரானார். 1915-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1920-இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வடிவமைக்கப்பட்டது முதல் பல ஆய்வகங்களில் இடம்பெற்ற நுண்ணிய மின்னோட்டமானி ஒன்றும் அவருடையதே.

திருப்புமுனை 1930 வாக்கில் நேர்ந்தது. அவரது ஆய்வகத்துக்குப் பெரியதொரு குழிவுக் கீற்றணி வந்து சேர்ந்திருந்தது. கீற்றணி என்பது மிக நெருக்கமான கோடுகள் கீறப்பட்ட, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் பரப்பு. அதைத் தொலைவிலிருந்து நோக்கியபோது அதன்மீது வரிகள் தென்பட்டன. சிறிய தொலைநோக்கி ஒன்றை அதன் பரப்பின் மீது துல்லியமாகக் குவித்ததும் அவ்வரிகள் மறைந்துபோயின. வேறொருவராயின் இதைக் கருவியின் குறையென ஒதுக்கியிருக்கக்கூடும். பரப்பில் இருந்த மிகச் சிறு பிழைகள் ஒளியின் செறிவை மாற்றவில்லை, அலையின் கட்டத்தை மட்டுமே மாற்றின என்பதை ஜெர்னிகே உணர்ந்தார்.

இதே விளக்கம் உயிருள்ள செல்லுக்கும் பொருந்தியது. செல்லின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள நீரிலிருந்து சிறிதளவே வேறுபடுகிறது. அதன் வழியே செல்லும் ஒளி மங்குவதில்லை, சற்றே பின்தங்குகிறது. மனிதக் கண் செறிவின் வேறுபாட்டை அறியும், கட்டத்தின் வேறுபாட்டை அறியாது. செல்லில் பட்டுச் சிதறிய ஒளி, நேராக வரும் ஒளியைவிட ஏறத்தாழக் கால் அலைநீளம் பின்தங்கியிருக்கும். நேரடி ஒளியை மேலும் கால் அலைநீளம் முன்தள்ளி, அதன் பிரகாசத்தையும் குறைத்துவிட்டால், இரண்டும் குறுக்கிட்டு ஒன்றையொன்று நலிவுறச் செய்யும். வெளிறிய பின்னணியில் செல் இருண்டு தெரியும். நுண்ணோக்கியில் இதற்கென மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று வைக்கப்படுகிறது.

1932-இல் அவர் இம்முறையை ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தில் செய்து காட்டினார். எதிர்பார்த்த வரவேற்பு கிட்டவில்லை. இதற்கு நடைமுறைப் பயன் இருந்திருப்பின் தாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போம் என்ற பொருளில் அங்கிருந்த மூத்த அறிவியலாளர் ஒருவர் கூறியதைப் பின்னாளில் ஜெர்னிகே தமது நோபல் உரையில் நினைவுகூர்ந்தார். நுண்ணோக்கியியலில் உலகிற்கே வழிகாட்டிய நிறுவனம் அது என்பதால், அம்மறுப்பின் சுமையும் பெரிதாயிற்று. எனினும் பணி முற்றிலும் நின்றுவிடவில்லை. மெதுவாகத் தொடர்ந்த மேம்பாட்டின் விளைவாக, 1941-இல் கோலர், லோஸ் ஆகிய இரு ஜெய்ஸ் ஆய்வாளர்கள் இம்முறையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர்.

போருக்குப் பயன்படக்கூடிய கண்டுபிடிப்புகளை ஜெர்மன் ராணுவம் கணக்கெடுத்த அதே ஆண்டில்தான் முதல் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிகள் தயாரிக்கப்பட்டன. அப்போது நெதர்லாந்து ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்தது. தமது நாட்டை அடக்கி வைத்திருந்தவர்களின் போர்த் தேவையே ஜெர்னிகேயின் எண்ணத்தைக் கருவியாக்கியது என்பது விந்தையானது. போர்க்காலத்திலேயே ஜெய்ஸின் கர்ட் மிஷெல், வெட்டுக்கிளியின் விந்து செல்கள் பிரிவதை இக்கருவியால் படம்பிடித்தார். சாயமின்றி, உயிருடன் பிரியும் செல் திரையில் அசைந்தது. போர் முடிந்ததும் பல நிறுவனங்கள் இந்நுண்ணோக்கிகளைத் தயாரிக்கத் தொடங்கின.

கருவி கைக்கு வந்ததாலேயே நல்ல படம் கிடைத்துவிடாது. ஒளிகுவிப்பானில் உள்ள ஒளி வளையமும், பொருளருகு லென்ஸினுள் உள்ள கட்ட வளையமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். சற்று விலகினாலும் நேரடி ஒளி வளையத்தைத் தவிர்த்துக் கடந்துவிடும், படம் சாதாரண நுண்ணோக்கியில் காண்பதைப் போலவே வெளிறிப்போகும். பொருளின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதும், தடித்த மாதிரிகளில் தெளிவு குன்றுவதும் இம்முறையின் குறைகள். போலந்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய ஜார்ஜஸ் நோமார்ஸ்கி 1950-களில் உருவாக்கிய மற்றொரு முறை அக்குறைகளைப் பெரிதும் களைந்தது. அதில் தளவிளைவுற்ற ஒளி சிறப்பு முப்பட்டகத்தால் இரண்டாகப் பிரிந்து, பொருளின் அருகருகான இரு இடங்களைக் கடந்து மீண்டும் இணைகிறது. படம் ஒருபுறம் நிழல் விழுந்த புடைப்புச் சிற்பம் போலத் தெரிகிறது. இதிலும் இரண்டாவது முப்பட்டகத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தியே உகந்த மாறுபாட்டைப் பெற வேண்டும். மாதிரியைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் அத்தட்டே ஒளியைக் குலைத்துவிடும் என்பதால் கண்ணாடியே ஏற்றது.

ஜெர்னிகே 1934-இல் வகுத்த பல்லுறுப்புக் கோவைகள் இன்றும் லென்ஸ்களின் பிழையையும், கண்ணின் பார்வைக் குறைபாட்டையும் அளக்க உதவுகின்றன. 1958-இல் ஓய்வு பெற்று நார்டன் நகரில் குடியேறிய அவர், 1966-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி அமெர்ஸ்ஃபோர்ட்டில் காலமானார். அவரது சகோதரியின் பேரனான ஜெரார்ட் டி ஹூஃப்ட், 1999-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.