தோர்ணக்கல் பேராயர் அசரியா

தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்தோர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயரைக் கேள்வியுறாதிருக்க முடியாது. இந்தியருள் முதன்முதலாக ஆங்கிலிக்கன் சபையின் பேராயராக உயர்ந்தவர் என்பதே அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுவது. அது பெருமைக்குரியதே. ஆயினும் நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டியது வேறொன்று. வேதவாசிப்பையும் விசுவாசத்தையும் திருவிருந்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கலாகாது என்பதில் அவர் கொண்டிருந்த உறுதியும், அவ்வுறுதியின் பொருட்டு அவர் அடைந்த நாணமுமே அது.

அந்நாளைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததும், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளதுமான வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் குருவானவர். அசரியா இளைஞராகுமுன்னரே மறைந்தார். அவர்கள் நாடார் குலத்தினர். அக்குலத்தாரும் கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட காலம் ஒன்று உண்டு என்பதை மறத்தலாகாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டத்தையே கல்வியென்று எண்ணும் நம் இளைஞர் இதனையும் குறித்துக் கொள்ளலாம். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் ஆனார், 1898இல் அன்பு மாரியம்மாளை மணந்தார்.

1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் செலவிலேயே ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நெல்லைச் சபைக்கு இது ஏன் இயலாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதி அதன் பணிக்களம் ஆயிற்று. பிறரை அனுப்பிவிட்டு இருக்கையில் அமர்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்குக் குடியேறி, தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவரிடம் வந்த மக்களுள் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும் ஆவர்; நிலமற்ற கூலியாட்கள், தோல் வேலை செய்வோர், ஊருக்குப் புறத்தே வாழ்ந்தோர். எழுத்தறியாத இவர்களுக்கு வேதம் எவ்வாறு எட்டும்? பகல் முழுதும் வயலில் உழைத்தவர்கள் இரவில் கூடுவார்கள். உபதேசியார் வேதக் கதைகளைச் சொல்வார். அவற்றையே பாட்டாகப் பாடுவார்கள். விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கற்பனைகளும் மனப்பாடம் ஆகும். இவற்றை அறிந்த பின்னரே ஞானஸ்நானம். ஞானஸ்நானம் பெற்றவர் தம் தலைமேல் தாமே கைவைத்து, தாம் கேட்ட நற்செய்தியைப் பிறருக்குச் சொல்வது தம் கடன் என்று அறிக்கையிட வேண்டும் என்பது பேராயர் வகுத்த முறை. பல தலைமுறைகளாகப் பிறர் ஏவலைக் கேட்டே பழகியவர் அன்று பிறருக்கு எடுத்துரைக்கும் உரிமை பெற்றார். அதே உபதேசியார் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தார். பல சேரிகளில் முதற் பள்ளிக்கூடம் அதுவே.

அதன்பின் திடப்படுத்தல், அதன்பின் திருவிருந்து. பேராயர் மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று திடப்படுத்தினார். ஆங்கிலிக்கன் வழக்கப்படி திருவிருந்தில் கிண்ணம் ஒன்றே. மண்டியிட்டோர் அனைவரும் அதிலேயே பருக வேண்டும். இடர் இங்கேதான் வந்தது. தம்மைத் தீண்டாதவரை வெறுத்த மாலரே மாதிகரோடு உண்ணத் தயங்கினர். வேதத்தைக் கேட்க ஒரே பாயில் அமர்ந்தவர் கிண்ணத்தண்டை வந்ததும் பின்வாங்குவாராயின், அவர் கேட்டது என்ன, விசுவாசித்தது என்ன? சாதியைச் சபைக்கு வெளியே விட்டுவிட வேண்டும் என்பதில் அசரியா சற்றும் தளரவில்லை.

மேலோரிடத்தும் அவர் இதையே வற்புறுத்தினார். 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகள் தம் பொருளையும் உழைப்பையும் தந்தும் இந்தியருக்கு நட்பைத் தரவில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே கூறினார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைத் தலைவர்களைக் கூட்டினார். ஆங்கிலிக்கனும் பிற சபையாரும் ஒரே பந்தியில் அப்பமும் இரசமும் பெற இயலாத பிரிவினை இந்நாட்டு மக்களுக்குப் புரியாதது என்று கூடியவர் உணர்ந்தனர். சபை ஐக்கியத்திற்கான பேச்சு அங்கே தொடங்கிற்று.

1935இல் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று இயோலாவில் அறிவித்தார். பின்னர் அசரியாவைச் சந்தித்தபோது அவர் இரண்டு வினாக்களை எழுப்பியதாக அசரியாவின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. தம் மக்கள் கிறிஸ்தவராயின், எங்கு வாழினும் ஒரே சபையாக இருக்க இயலுமா என்பது ஒன்று. சாதி வேற்றுமையிலிருந்து முற்றும் விடுதலை கிடைக்குமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல அசரியாவால் இயலவில்லை. வாழ்நாளில் அவ்வளவு வெட்கம் அடைந்ததில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அவர் மழுப்பியிருக்கலாம். தம் திருமண்டலத்தின் எண்ணிக்கையைக் காட்டியிருக்கலாம். அது லட்சங்களைத் தாண்டியிருந்தது. அவர் அவ்வாறு செய்யாததால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். என் இளமையில் ஓர் ஆலயத்தில் எம் தெருவார் திருவிருந்துக்குக் கடைசியாகவே எழுந்து சென்றனர். எவரும் கட்டளையிட்டதில்லை, எவரும் மாற்றியதுமில்லை. முன்வரிசையார் பருகி முடித்துத் திரும்பும் வரை என் தந்தையார் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக் காத்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இந்திய மரபுகள் விரவிய கட்டட அமைப்புடன் அசரியா எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1945 ஜனவரி முதல் நாள் அவர் தோர்ணக்கல்லிலேயே காலமானார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை கதீட்ரல் ஆலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். அம்பேத்கரின் முதல் வினாவுக்கு ஓரளவு விடை கிடைத்தது. அதைக் காண அசரியா இல்லை. இரண்டாம் வினா இன்னும் நம் ஆலயங்களில் விடையின்றி நிற்கிறது.