கண்மாய்களை எண்ணிய நாவலர்

வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமையில் அரிமளம் முதலிய ஊர்களின் வாழ்வு கண்மாய் நீரைச் சார்ந்தது. கரை உடைந்தால் வயல் மட்டுமன்று, ஊரே கலங்கும். இவ்வுண்மையை, தமிழ் மண்ணை ஒருமுறையேனும் மிதித்திராத அயர்லாந்துக்காரர் ஒருவர் இலண்டன் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். அவரே எட்மண்டு பர்க்.

பர்க் 1729இல் டப்ளினில் பிறந்தார். 1750இல் சட்டம் பயில இலண்டன் சென்றவர், அப்படிப்பைக் கைவிட்டு எழுத்தை நாடினார். 1765இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வழக்கறிஞராகாத அவருக்கு வழக்குரைக்கும் கலையில் முன்மாதிரியாக விளங்கியவர் பண்டைய உரோமின் சிசரோ.

சிசிலித் தீவை ஆண்டு கொள்ளையடித்த வெரஸ் என்பவன்மீது சிசரோ கி.மு. 70இல் வழக்குத் தொடுத்தார். சான்று திரட்ட 110 நாள் தவணை பெற்றும் 50 நாளிலேயே அப்பணியை முடித்தார். எதிர்த்தரப்பு வழக்கை அடுத்த ஆண்டுக்கு இழுத்தடிக்க முயன்றதை உணர்ந்து, நீண்ட தொடக்கவுரையைத் தவிர்த்துச் சாட்சிகளை உடனே நிறுத்தினார். தீர்ப்புக்கு முன்பே வெரஸ் ஓடிவிட்டான். பேசப்படாத உரைகள் பின்னர் நூலாயின. களவுகளை இடமும் பொருளும் சுட்டி அடுக்குதல், நடந்ததைக் கேட்போர் கண்முன் நிறுத்துதல், குற்றவாளியோடு நீதிமன்றமும் சோதிக்கப்படுகிறது என உணர்த்துதல் ஆகிய உத்திகளை அவற்றில் காணலாம். பர்க் எடுத்தாண்டவை இவையே.

புதுக்கோட்டைத் தொண்டைமானின் துணையைப் பெற்றிருந்த ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, கும்பினிப் பணியாளர்களிடமே பெருங்கடன் பட்டிருந்தார். 1773இல் கும்பினிப் படை தஞ்சையை வென்று அவரிடம் அளித்தது. சென்னை ஆளுநர் பிகட் 1776இல் அதனை மன்னர் துளஜாவிடம் மீட்டளித்தார். உடனே, சிற்றூதியம் பெற்ற பால் பென்பீல்டு என்ற பணியாளர், தமக்கு 2 லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டும் என்றும் தஞ்சை விளைச்சலே அதற்கு ஈடு என்றும் உரிமை கோரினார். பிகட்டை அவருடைய மன்றத்தாரே சிறைப்படுத்தினர். காவலிலேயே 1777இல் அவர் இறந்தார்.

இத்தகைய கடன்களை விசாரணையின்றி நாட்டு வருவாயிலிருந்து தீர்க்க ஆங்கில அரசு ஆணையிட்டது. அதனை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பேசினார். எண்களை மட்டும் அடுக்கியிருந்தால் உறுப்பினர்கள் உறங்கியிருப்பார்கள். அவரோ சென்னையைச் சூழ்ந்த கும்பினி நிலத்தின் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த ஏரிகளைத் தாமே எண்ணியிருந்தார். அவை 1,100க்கு மேல். நவாபின் நாட்டிலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாக 10,000க்குக் குறையாது என்று கணித்தார். கரைகளைப் பேண ஆண்டுதோறும் பணம் வேண்டும். வருவாய் முழுவதும் கடன்காரர் பைக்குப் போனால் ஏரி தூர்ந்து குடிகள் மடிவர் என்பது அவர் வாதம். கடன் பத்திரம் நீர்ப்பஞ்சமாக உருமாறி அவையின்முன் நின்றது. ஆயினும் தீர்மானம் தோற்றது.

அவருடைய உறவினர் வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராக இருந்ததை எதிரிகள் சுட்டிக்காட்டினர். அதனை மறைப்பது நேர்மையாகாது. எனினும் ஏரிக்கணக்கு அதனால் பொய்யாகிவிடாது.

வங்கத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்சுமீதான பெருவழக்கு 1788இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கியது. பர்க்கின் தொடக்கவுரை மட்டும் நான்கு நாள் நீண்டது. சிசரோ சுருக்கத்தால் வென்ற இடத்தில் பர்க் விரிவால் இடறினார் என்றே தோன்றுகிறது. நந்தகுமாரின் தூக்குத்தண்டனையைக் கொலை என்று கூறியதற்காக 1789இல் அவருடைய அவையே அவரைக் கண்டித்தது. ஏழாண்டுகள் இழுத்த வழக்கில் 1795 ஏப்ரல் 23 அன்று ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டே மகனைப் பறிகொடுத்திருந்த பர்க், 1797இல் காலமானார்.

கும்பினி 1801இல் நவாபின் நாட்டைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. எஞ்சிய கடன்களை ஆராய 1805இல் ஆணையம் ஒன்று அமைந்தது. பல ஆண்டுகள் பத்திரங்களைப் புரட்டிய அவ்வாணையம், கோரப்பட்ட தொகையில் மிகச் சிறு பகுதியையே செல்லத்தக்கதென ஏற்றது.