மழலைக்குப் பாட்டும் மக்களுக்குப் பெயரும் தந்தவர்

பள்ளிப் படியை மிதிக்காத குழந்தையும் அறிந்த பாட்டுகள் சில தமிழில் உண்டு. கையை வீசிக்கொண்டு கடைக்குக் கிளம்பும் பாட்டு ஒன்று. சாய்ந்து சாய்ந்து ஆடும் பாட்டு மற்றொன்று. பூந்தமல்லியில் எங்கள் தெருமுனை அங்கன்வாடியில் இவை ஒலிக்காத நாளே இல்லை. இத்தகைய மழலைப் பாடல்கள் அடங்கிய 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற நூலை ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து ஆக்கியவர் எம்.சி. ராஜா. எங்கள் ஊர்ச் சாலை சென்று முடியும் பரங்கிமலையில் பிறந்தவர் அவர் என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

ராஜா என்பது பட்டமன்று, பெயர்தான். மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், அந்நாளில் பாரிமுனைப் பக்கம் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையற்றிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை அக்காலத்தில் கல்லூரி வரை சென்றது எளிய செய்தியா, நண்பர்களே? பின்னர் ஆசிரியரானார், பாடநூல்கள் எழுதினார். மேடையேறும் முன்பே கரும்பலகையின் முன் நின்று பழகியவர் அவர்.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1922இல் அவர் அங்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பதிவேடுகளில் இம்மக்களைக் குறித்துவந்த இழிவுப் பெயர்களை நீக்கி, ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்றே எழுத வேண்டும் என்பது அதன் சாரம். அரசும் அதை ஏற்றது.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். என் பாட்டியை ஊர்ப் பெரியவர்கள் அழைத்த சொல் வேறு. அதை இங்கு எழுத மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் வகுப்பைக் குறிக்கும் கட்டத்தை நிரப்பும்போது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கையால் மறைத்துக்கொள்வது என் வழக்கம். அந்தச் சொல் யாரோ எங்கள்மேல் ஒட்டியதன்று, எங்களில் ஒருவர் மன்றத்தில் எழுந்து நின்று கேட்டுப் பெற்றது என அறிந்த பின் மறைப்பதில்லை.

1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீதே பழி சுமத்தியதால் மனம் கசந்து, 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். 1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டமன்றத்தில் பணியாற்றினார்.

1932இல் எடுத்த நிலைக்காக அவரைக் குறைகூறுவோர் இன்றும் உளர். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனித்தொகுதி கேட்டிருக்க, ராஜா மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து, கூட்டுத்தொகுதியில் ஒதுக்கீடு போதும் என்றார். நம்பிக்கை மிகுதியால் செய்த பிழை அது என்பது என் எண்ணம். சாதி இந்துக்களோடு இணங்கிச் சென்றால் கதவுகள் தாமே திறக்கும் என நம்பினார்.

அந்த நம்பிக்கை 1938இல் சோதிக்கப்பட்டது. பொதுச் சாலை, கிணறு போன்றவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் அவரது மசோதா சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. அடுத்து ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் செய்ய விரும்பிய பிரதமர் இராஜாஜி, அதைத் திரும்பப் பெறும்படி கேட்டார். ராஜா இணங்கவில்லை. தோற்பது உறுதி என்று தெரிந்தும் வாக்கெடுப்புக்கு விட்டார், தோற்றார். முன்பு தாம் மறுத்த அம்பேத்கருடனேயே 1942இல் சென்று கிரிப்ஸைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார். வயது அறுபது.

இவற்றையெல்லாம் அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னேன். பிள்ளைகளுக்குக் காட்ட அவர் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பெரிதாக்கிய நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பாட்டு அட்டைக்குப் பக்கத்தில், குழந்தைகளின் கண்மட்டத்தில் ஒட்டியிருக்கிறார்.